இன்டர்போல் வந்து பிடிக்குமா?

2023 ஜூலையில் கோழிக்கோட்டில் பணி ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் தெரிந்தது கூட வேலை பார்த்த பழைய நண்பரின் முகம். குரலும் அவருடையதுதான். உறவினருக்கு அவசரமாக அறுவை சிகிச்சை, 40,000 ரூபாய் வேண்டும் என்றார். இவரும் அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னும் 35,000 கேட்டபோதுதான் மனதில் ஏதோ இடறியது. நண்பரின் பழைய எண்ணைத் தேடிக் கூப்பிட்டார். நண்பருக்கு எதுவுமே தெரியாது. அழைப்பில் வந்தது செயற்கை நுண்ணறிவு செய்து கொடுத்த போலி முகம். இந்த வகையில் கேரளத்தில் பதிவான முதல் வழக்கு அது.

இப்படி ஒரு செய்தி வந்தால் நம் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுச் சாயாக்கடையில் இரண்டு பேச்சுதான் எழும். "வெளிநாட்டுக் கம்பெனி, வெளிநாட்டுத் திருடன், நம்ம போலீஸ் என்ன பண்ணும்?" என்பார் ஒருவர். "இன்டர்போல்ல சொன்னா எங்கிருந்தாலும் தூக்கிருவாங்க" என்பார் இன்னொருவர். இரண்டாவது நம்பிக்கை நம்மில் பலருக்கும் உண்டு. சினிமாவும் அதை ஊட்டி வளர்த்திருக்கிறது. இன்று அதைத்தான் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன் சுலபமான பகுதியை முடித்துவிடலாம்.

பணம் போன வழி சுலபமான பகுதி. கோழிக்கோட்டு சைபர் போலீசார் அந்த 40,000 ரூபாய் மகாராஷ்டிரத்தில் ஒரு வங்கிக் கணக்கில் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து, கணக்கை முடக்கினார்கள். இதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. வாளையாறு சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் கேரள போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ் என்றாலும் குற்ற நடைமுறைச் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், உச்ச நீதிமன்றமும் ஒன்றுதான். பாலக்காட்டு அதிகாரி மும்பை வங்கிக்கு நோட்டீஸ் அனுப்பினால் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். 1930 என்ற உதவி எண் இதற்காகவே இருக்கிறது. புகார் சீக்கிரம் போனால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவிடலாம்.

அடுத்த கேள்வி கடினமானது. அந்த வாட்ஸ்அப் எண்ணுக்குப் பின்னால் இருந்தது யார்? அது தெரிய வேண்டுமானால் வாட்ஸ்அப்பை நடத்தும், கலிபோர்னியாவில் தலைமையகம் கொண்ட மெட்டா நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அங்கே இருக்கும் தகவலை நாம் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, கணக்கு யார் பெயரில், எந்த எண்ணில் தொடங்கப்பட்டது, எந்த நேரத்தில் எந்த ஐபி முகவரியிலிருந்து இணைந்தது என்பது. ஐபி முகவரி என்பது நம் போன் இணையத்தில் சேரும்போது சேவை நிறுவனம் அதற்குத் தரும் எண். இரண்டாவது, என்ன எழுதினார்கள், என்ன படம் அனுப்பினார்கள் என்ற உள்ளடக்கம்.

முதல் வகைத் தகவலை போலீஸ் நேராகவே கேட்கலாம். அன்று குற்ற நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவில் நோட்டீஸ் போனது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் போகிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் கொள்கைக்கு உட்பட்டு இதற்குப் பதில் தருகின்றன. உள்ளடக்கத்தில்தான் கதவு சாத்தியிருக்கிறது. 1986இல் அமெரிக்கா இயற்றிய மின்னணுத் தகவல் தொடர்பு அந்தரங்கச் சட்டம், அந்நாட்டு நிறுவனங்கள் உள்ளடக்கத்தை அயல்நாட்டு அரசுக்கு நேராகக் கொடுப்பதைத் தடுக்கிறது. நிறுவனமே விரும்பினாலும் கொடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் எழுதிய செய்தி பூட்டிய நிலையில் போவதால் நிறுவனத்திடமே அது இல்லை. ஆனால் மின்னஞ்சல், முகநூல், இன்ஸ்டாகிராம் வழக்குகளில் இந்தக் கதவுதான் பெரிய தடை.

"அப்படியானால் இன்டர்போல் போய் வாங்கி வரட்டுமே?"

இங்கே கொஞ்சம் நின்று நிதானிப்போம். இன்டர்போல் 1923இல் தொடங்கியது. இந்தியா 1949இல் சேர்ந்தது. இன்று 196 நாடுகள் உறுப்பினர்கள். தலைமையகம் பிரான்சில் லியோன் நகரில். இத்தனை பெரிய அமைப்புக்கு லாக்கப் கிடையாது. கைது செய்யும் அதிகாரமுள்ள ஒரு காவலர்கூடக் கிடையாது. ஒரு நாட்டுப் போலீஸ் இன்னொரு நாட்டுப் போலீசுக்குச் செய்தி சொல்லும் பாதுகாப்பான தபால் வழி அது. இந்தியாவில் அந்தத் தபாலை வாங்கவும் அனுப்பவும் பொறுப்பு சிபிஐக்கு. மாநிலப் போலீசும் இந்த வழியைச் சீக்கிரம் பயன்படுத்துவதற்காக 2025 ஜனவரியில் பாரத்போல் என்ற தளத்தைத் திறந்தார்கள்.

ரெட் கார்னர் நோட்டீஸ் என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அது கைது ஆணை அல்ல. "இவரை நாங்கள் தேடுகிறோம், உங்கள் ஊரில் கண்டால் நிறுத்திவைத்துச் சொல்லுங்கள்" என்ற வேண்டுகோள். நிறுத்திவைப்பதும் வைக்காததும் அந்த நாட்டின் சட்டம். அரியலூர் மாவட்டத்தில் சுத்தமல்லி, ஸ்ரீபுரந்தன் கோயில்களின் சிலைகள் திருடுபோன வழக்கில் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரை 2011 அக்டோபரில் ஜெர்மனியில் பிடித்தார்கள். பிடித்தவர்கள் ஜெர்மன் போலீசார். அங்குள்ள நீதிமன்ற நடைமுறை முடிந்து 2012 ஜூலையில் தமிழ்நாட்டுக்கு வந்தார். கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வங்கி மோசடி வழக்கில் தேடப்பட்ட மெஹுல் சோக்சியின் பெயரை இன்டர்போல் 2023 மார்ச்சில் ரெட் நோட்டீசிலிருந்து எடுத்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று அன்று பலரும் நினைத்தார்கள். 2025 ஏப்ரலில் பெல்ஜியம் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். எப்படி? இந்தியா பெல்ஜியத்திடம் நேராக ஒப்படைப்புக் கோரிக்கை வைத்திருந்தது. அந்த ஊர்ச் சட்டம் அந்தக் கோரிக்கையை ஏற்றுக் கைதுக்கு இடம் கொடுத்தது. ஆக, கையில் விலங்கு மாட்டுவது எப்போதும் உள்ளூர்ப் போலீஸ். மாட்டச் சொல்வது உள்ளூர்ச் சட்டம். எல்லா நாட்டுக்கும் மேலே உட்கார்ந்து இந்த மாதிரி வழக்குகளுக்கு ஆணையிடும் உலகப் போலீஸ் என்று ஒன்று இல்லவே இல்லை.

நம் பக்கத்து விஷயம் ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியின் நெல்லுக்கு ஆழியாற்றுத் தண்ணீர் வர வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கிடைக்க வேண்டும். ஆனால் ஆழியாறு அணை இருப்பது தமிழ்நாட்டில். மதகைத் திறப்பது தமிழ்நாட்டு அதிகாரி. கேரள அதிகாரி ஒருவர் ஜீப்பில் போய் மதகைத் திருப்ப முடியாது. ஒப்பந்தத்தைக் காட்டி, கணக்கைக் காட்டி, கேட்டு வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் இருக்கும் தகவலும் அப்படித்தான். மதகு அவர்கள் கையில். நம் கையில் ஒப்பந்தம். ஒரே ஒரு வித்தியாசம்: தண்ணீர்த் தகராறு முற்றினால் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாக உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இரண்டு நாடுகளுக்கு நடுவே, ஒரு போலீஸ் வழக்கின் ஆவணத்தைக் கொடு என்று கட்டளையிட அப்படி ஒரு மன்றம் கிடையாது.

அந்த ஒப்பந்தத்தின் பெயர் பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தம். அதிகாரிகள் சுருக்கமாக எம்லாட் என்பார்கள். அமெரிக்காவுடன் இந்தியா 2001 அக்டோபரில் கையெழுத்திட்டது. 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் இல்லாத நாடாக இருந்தால் நம் நீதிமன்றம் அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு எழுதும் வேண்டுகைக் கடிதம் போகும். லெட்டர் ரோகேட்டரி என்று போஃபர்ஸ் பீரங்கி ஊழல் வழக்கின் காலத்தில் நாம் கேட்டுப் பழகிய பெயர் அதுதான். இப்போது சன்ஹிதாவின் 112ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

ஒரு கடிதத்தோடு நாமும் நடந்து பார்ப்போம். பாலக்காட்டு விசாரணை அதிகாரி வழக்கின் கதையையும் தேவையான தகவலையும் எழுதுகிறார். அது மாநில உள்துறைக்குப் போகிறது. அங்கிருந்து டெல்லியில் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு. இத்தகைய கோரிக்கையை வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரம் பெற்ற ஒரே வாசல் அந்த அமைச்சகம்தான். அங்கே சரிபார்த்து, வாஷிங்டனில் நீதித்துறையின் பன்னாட்டு விவகார அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அந்த அலுவலகம் ஒரு அரசு வழக்கறிஞரிடம் கொடுக்கும். அவர் அமெரிக்க நீதிபதி முன் நின்று ஆணை கேட்பார். ஆணை கிடைத்தால் நிறுவனத்துக்குப் போகும். நிறுவனம் கொடுப்பது வந்த வழியே திரும்பி நடக்கும்.

இந்தப் பாதையில் கடிதம் எங்கே தடுக்கி விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். தபாலில் விழுவதைவிட, எழுத்தில்தான் அதிகம் விழுகிறது. உள்ளடக்கத்துக்கான ஆணை வேண்டுமானால், இந்தக் கணக்கில் இந்தக் குற்றத்துக்கான சான்று இருக்கிறது என்று நம்பத்தக்க காரணம் காட்ட வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். "இந்தக் கணக்கின் எல்லா விவரமும் தருக" என்று நம் வழக்கப்படி எழுதினால் அது திரும்பி வரும். எந்தக் கணக்கு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, குற்றத்தோடு அதற்கு என்ன தொடர்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். காவல் நிலையத்தில் ஆயிரம் வேலைக்கு நடுவே இதை உட்கார்ந்து எழுதும் அதிகாரியின் பாடு சாதாரணமானதல்ல. புதிய உடன்படிக்கைகளைப் பற்றி மேடைகளில் பேசும் அளவுக்கு, இந்த ஒரு கடிதத்தை ஒழுங்காக எழுதப் பயிற்சி கொடுப்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முதல் வேலையாகப் படுகிறது.

இன்னொரு தடையின் பெயர் இரட்டைக் குற்றத்தன்மை. கேட்கும் நாட்டில் மட்டுமல்ல, கொடுக்கும் நாட்டிலும் அந்தச் செயல் குற்றமாக இருக்க வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் உள்ள நிபந்தனை. போலி முகம் காட்டிப் பணம் பறித்தால் எல்லா ஊரிலும் மோசடி, சிக்கல் இல்லை. பேச்சு தொடர்பான குற்றங்களில்தான் சிக்கல். 2020 நவம்பரில் கேரள அரசு போலீஸ் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது நினைவிருக்கும். அவதூறான பதிவுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். அந்தச் சட்டம் நிலைத்திருந்து, ஒரு பதிவை எழுதியது யார் என்று அமெரிக்காவிடம் கேட்டிருந்தால் உதவி கிடைப்பது மிக அரிது. பேச்சுரிமையைக் காக்கும் அவர்களுடைய அரசியலமைப்பின் முதல் திருத்தம் குறுக்கே நின்றிருக்கும்.

"இதெல்லாம் வீண் தாமதம்தானே?" என்று கேட்கத் தோன்றும். 2007இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆர்குட் தளத்தில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்தும் படம் ஒன்று வெளியானது. தளத்தை நடத்திய அமெரிக்க நிறுவனம் ஐபி முகவரியைக் கொடுத்தது. அது யாருடையது என்று இங்குள்ள ஒரு சேவை நிறுவனம் தவறான விவரம் தந்தது. பெங்களூருவில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே போலீசார் கைது செய்தார்கள். அவருக்கும் அந்தப் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 50 நாள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். தகவல் சரியானதா என்று யாரோ ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அந்த நிறுத்தம் நம்மையும் காப்பாற்றுகிறது.

என்றாலும் நியாயமான நிறுத்தம் வேறு, கோப்பு தூங்குவது வேறு. போஃபர்ஸ் வழக்கில் 1990இல் சுவிட்சர்லாந்துக்குப் போன கடிதத்துக்கு முக்கிய ஆவணங்கள் 1997 ஜனவரியில்தான் வந்தன. அது பழைய கதை என்றாலும், அமெரிக்காவில் அதிபர் ஒபாமா அமைத்த ஆய்வுக் குழு 2013இல், வெளிநாட்டுக் கோரிக்கை ஒன்று நிறைவேறச் சராசரியாகப் பத்து மாதம் ஆகிறது என்று எழுதியது. வங்கி ஆவணம் ஏழு வருடம் காத்திருக்கும். இணையத் தகவல் காத்திருக்காது. கணக்கை அழித்துவிட்டால் போயிற்று. ஆகவே விவரமான அதிகாரி முதலில் தகவலைக் கேட்பதில்லை, "அழிக்காமல் வையுங்கள்" என்று கேட்கிறார். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி வைக்கும் காலம் 90 நாள், இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். இதற்கென்றே ஜி8 நாடுகள் தொடங்கிய இருபத்துநாலு மணி நேரத் தொடர்பு வலை ஒன்று உண்டு. இந்தியாவும் அதில் இருக்கிறது, சிபிஐ வழியாக.

உலகம் இந்த வேகக் குறைவைக் கண்டு சும்மா இருக்கவில்லை. 2001இல் புடாபெஸ்ட் நகரில் சைபர் குற்றத்துக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. தெற்காசியாவில் முதலில் சேர்ந்தது இலங்கை, 2015இல். இந்தியா சேரவில்லை. எழுதும்போது எங்களைக் கூப்பிடவில்லை, எழுதிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களே என்பது இந்தியாவின் வாதம். 2018இல் அமெரிக்கா கிளவுட் சட்டம் இயற்றியது. அதன்படி தனி உடன்பாடு செய்துகொண்ட நாடு, கடுமையான குற்றங்களில், மேலே பார்த்த நீண்ட பாதை இல்லாமல் நிறுவனத்திடமே ஆணையைக் கொடுக்கலாம். பிரிட்டனுக்கு 2022 அக்டோபரிலும் ஆஸ்திரேலியாவுக்கு 2024 ஜனவரியிலும் அது நடைமுறைக்கு வந்தது.

பிறகு ஐக்கிய நாடுகள் சபையே ஒரு உடன்படிக்கையை எழுதியது. 2024 டிசம்பர் 24 அன்று பொதுச்சபை ஏற்றது; 2025 அக்டோபரில் வியட்நாமின் ஹனோயில் கையெழுத்து விழா நடந்தது. 40 நாடுகள் முறைப்படி உறுதி செய்தால் உயிர் பெறும். எழுதும் மேசையில் இந்தியா முழுக்க இருந்தது, விழாவில் கையெழுத்திடவில்லை. இந்த ஆவணத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. நான்காண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கக்கூடிய எந்தக் குற்றத்துக்கும் மின்னணுச் சான்றைக் கேட்கலாம் என்கிறது. எதற்கு நான்காண்டு என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிக்கும். ஒரு பத்திரிகையாளரின் கட்டுரைக்கு ஐந்தாண்டு என்று சட்டம் வைத்திருக்கும் நாடும் கேட்கும். அரசியல் கருத்துக்காகத் துன்புறுத்தும் நோக்கம் தெரிந்தால் மறுக்கலாம் என்ற பிரிவும் இருக்கிறது. அந்தப் பிரிவை ஒவ்வொரு நாடும் எவ்வளவு முதுகெலும்போடு பயன்படுத்தும் என்பதில்தான் இந்த உடன்படிக்கை நல்லதா கெட்டதா என்பது இருக்கிறது. திருடனைப் பிடிக்கத் திறக்கும் மதகு வழியே எழுத்தாளரும் அடித்துச் செல்லப்படக்கூடாது.

செயற்கை நுண்ணறிவுக்கென்று தனியாகவும் நாடுகள் கூடிப் பேசுகின்றன. 2023 நவம்பரில் பிரிட்டனின் பிளெட்ச்லியில் இந்தியா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஓர் அறிவிப்பில் ஒப்பமிட்டன. 2024 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் அமலுக்கு வந்தது. இவை கருவியைச் செய்பவரின் பொறுப்பைப் பற்றியவை, தேவையானவை. கருவியை வைத்து ஏமாற்றியவரைப் பிடிக்க இன்றும் அதே பழைய கடிதம்தான் நடக்க வேண்டும்.

ஏமாற்றியவர் என்று சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, அடி வாங்கிக்கொண்டு மோசடி அழைப்பு செய்தார்கள். 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கேரளப் பிள்ளைகளும் அங்கிருந்து மீண்டு வந்திருக்கிறார்கள். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் மட்டும் விமானப்படை விமானங்களில் 549 பேர் அழைத்துவரப்பட்டார்கள். அழைப்பின் மறுமுனையில் இருப்பவர் சில சமயம் தானும் பறிகொடுத்தவர். அவர்களைக் குற்றவாளியாக மட்டும் பார்த்தால், அங்கே நடப்பதைச் சொல்லக்கூடிய சாட்சிகளை நாமே இழப்போம். அந்த வளாகங்களை நடத்துபவர்களை எட்டவும் நாடுகளின் ஒத்துழைப்பு வேண்டும்.

இனி நம் பங்கு. நல்ல கடிதம் நல்ல புகாரிலிருந்துதான் பிறக்கிறது. பணம் போனது தெரிந்தவுடன் 1930க்கு அழையுங்கள். வெட்கத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள்; அது சான்று. எண்ணை நாட்டுக் குறியீட்டோடு முழுதாகக் குறியுங்கள். பெயரும் படமும் மாறும், எண் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பணப் பரிமாற்றக் குறிப்பு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்த நேரத்தை நிமிடத்தோடு, காலையா மாலையா என்று எழுதுங்கள். அமெரிக்க நிறுவனம் தரும் பதிவில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஒரே ஐபி முகவரியை நம் போன் நிறுவனங்கள் ஒரே சமயத்தில் பலருக்குப் பகிர்ந்து தருகின்றன, சில நிமிடத்தில் வேறு ஆளுக்கு மாற்றுகின்றன. அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் போலீஸ் தட்டப்போவது வேறு யாருடைய கதவையோதான்.